சாரலில் ஒரு சின்னக் கார்

எங்கள் வீட்டில் கார் வாங்கியபோது என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்பதுதான். எஞ்சின், மைலேஜ், டயர் எல்லாவற்றையும் என் கணவரும் அவர் தம்பியும் கடைக்காரரும் பேசி முடித்துவிட்டார்கள். நானும் "சிவப்பு" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் காபி கலக்கப் போய்விட்டேன்.

அந்தக் கார் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, 'எட்டு' போட்டுக் காட்டி, லைசென்ஸும் வாங்கிவிட்டேன். சென்ற ஜூலையில் மதுரையிலிருந்து தென்காசி, குற்றாலம், ஆரியங்காவு என்று மூன்று நாள் போய்வந்தோம். இப்போது யாராவது "என்ன கார் வாங்கலாம்?" என்று கேட்டால் நான் கலரைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு நாலு விஷயம் சொல்கிறேன். சகோதரிகளுக்கும் உபயோகப்படுமே என்று அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள். பெட்ரோல் கார். 1.2 லிட்டர் எஞ்சின், நாலு சிலிண்டர், ஐந்து கியர். பின்பக்கம் கண்ணாடியோடு சேர்த்து ஒரே கதவாக மேலே தூக்குகிற 'ஹேட்ச்பேக்' ஜாதி. நம் தெருக்களில் நிற்கிற சின்னக் கார்களில் பலவும் இந்த ஜாதிதான்.

கிளம்பும்போதே ஒரு சண்டை

நான், என் கணவர், எழுபத்துநாலு வயது மாமியார், நாத்தனார் மகள், அவளுடைய இருபது மாதப் பையன். இவ்வளவுதான் எங்கள் கூட்டம். மாமியாருக்கு முழங்கால் வலி. காலை நீட்டிக்கொள்ள முன்சீட்டுதான் வசதி என்று அங்கே உட்காரவைத்தோம்.

உட்கார்ந்ததும் இரண்டு கையையும் நீட்டினார். "பிள்ளையை இங்க குடு. நான் மடியில வச்சுக்கிறேன்."

நான் பின்சீட்டில் குழந்தைக்கென்று வாங்கிய சின்ன நாற்காலியை மாட்டிக்கொண்டிருந்தேன். "வேண்டாம் அத்தை. அவன் இதுல உட்காரட்டும்" என்றேன்.

"நான் அஞ்சு பெத்தவ. எனக்கு மடியில வச்சுக்கத் தெரியாதா? நாற்காலியில கட்டிப்போட்டுக் கொண்டுபோறீங்களே, அது பிள்ளையா, பொட்டியா?"

நாத்தனார் மகள் என் முகத்தைப் பார்த்தாள், அவள் அம்மாச்சி முகத்தைப் பார்த்தாள். என் கணவர் சமயம் பார்த்து, டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். வேறு விஷயமாக இருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். இருபத்துநாலு வருஷமாக எவ்வளவோ விட்டுக்கொடுத்தவள்தானே! ஆனால் இதில் மனசு கேட்கவில்லை. குழந்தையைப் பின்சீட்டிலேயே உட்காரவைத்து, பட்டையை மாட்டினேன்.

மாமியார் வெந்நீர் ஊற்றி வைத்திருந்த எவர்சில்வர் தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இதையாவது நான் வச்சுக்கலாமா, இல்ல இதுக்கும் ஒரு நாற்காலி வாங்கியிருக்கியா?" என்று கேட்டார். அதோடு வாயை மூடியவர், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று சொல்கிறேன். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி சட்டென்று நின்றால், பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் இருநூறு கிலோ மூட்டைபோல முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பிடி கிடையாது. முன்சீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏர்பேக் என்கிற காற்றுப்பை கண் இமைப்பதைவிட வேகமாக வெடித்து விரியும். பெல்ட் போட்ட பெரியவர்களுக்காகச் செய்தது அது. மடியில் இருக்கும் குழந்தை அதற்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சேர்த்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஐந்து பேர் என்பது காகிதத்தில்தான்

ஐந்து பேர் உட்காரலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம்பாதீர்கள். பின்சீட்டில் குழந்தை நாற்காலியை மாட்டிவிட்டால் பக்கத்தில் இரண்டு பேர் உட்காருவதே நெருக்கம்தான். வாங்கப் போகும்போது வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் பின்சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் முன்சீட்டில் இடிக்கிறதா, தலையைச் சாய்த்துக்கொள்ளும் பகுதி உயர்த்தி இறக்கும்படி இருக்கிறதா, நடுவில் உட்காருபவருக்கும் தோள் வழியாக வரும் பெல்ட் உண்டா, பின்னால் ஏ.சி. காற்று வரத் துவாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட் மடிகிற இடுக்கில் விரலைவிட்டால் 'ஐசோஃபிக்ஸ்' என்ற இரும்புக் கொக்கி தட்டுப்பட வேண்டும். குழந்தை நாற்காலி அதில்தான் 'டக்'கென்று உட்காரும்.

சாமான் வைக்கும் டிக்கி எங்கள் காரில் சுமார் 260 லிட்டர். இந்தக் கணக்கு நமக்குப் புரியாது. என் கணக்கில் சொல்கிறேன். நடுத்தர சூட்கேஸ் ஒன்று, துணிப்பை இரண்டு, பிளாஸ்டிக் வாளி ஒன்று, குடை, செருப்பு. அவ்வளவுதான். கேஸில் ஓடும் சி.என்.ஜி. கார் வாங்கினால் இந்த இடத்தையும் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். டாட்டா கம்பெனி 2023 முதல் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை அடியில் படுக்கவைத்து, டிக்கியில் இடம் விட்டிருக்கிறது.

மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு

திருமங்கலம், டி.கல்லுப்பட்டி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தினோம். கட்டிவந்த இட்லியைச் சாப்பிட்டு, ஒரு கிலோ பால்கோவா வாங்கியதும் மாமியார் கொஞ்சம் இளகினார். ராஜபாளையத்தில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். என் கணவர் பின்சீட்டுக்குப் போனார்.

அங்கிருந்து தென்காசி வரை மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கமாகக் கூடவே வரும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று ஊர்கள். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். நாத்தனார் மகளுக்கு வண்டியில் போனால் குமட்டும். அங்கே வாங்கிய எலுமிச்சையைக் கீறி முகர்ந்துகொண்டே வந்தாள். செல்போனைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்தபடி வந்தால் குமட்டல் பாதி குறைந்துவிடும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

எஞ்சினைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதில் 796 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர், 40 குதிரைத்திறன்கூட இல்லை. அதிலேதான் ஒரு தலைமுறையே கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் போய்வந்தது. 2014 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். 1998-இல் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. ஒரு லிட்டர் எஞ்சின், நாலு சிலிண்டர்.

இப்போதைய 1.2 லிட்டர் சின்னக் கார்கள் பெரும்பாலும் 80-க்கும் 90-க்கும் இடைப்பட்ட குதிரைத்திறன் உள்ளவை. சிலிண்டர் எண்ணிக்கைதான் வித்தியாசப்படும். 2024-இல் வந்த புதிய ஸ்விஃப்ட்டிலும் டாட்டா டியாகோவிலும் மூன்று. ஹூண்டாய் ஐ10 நியாஸில் நாலு. வேகன்ஆரில் ஒரு லிட்டர் எஞ்சினுக்கு மூன்று, 1.2 லிட்டருக்கு நாலு. நாலு சிலிண்டர் தையல் மெஷின் மாதிரி அதிராமல் ஓடும். மூன்றில் வண்டி நிற்கும்போது லேசான நடுக்கம் தெரியும். ஆனால் பெட்ரோல் கொஞ்சம் மிச்சம். சமதரையில் இரண்டு பேர் போக எதுவும் போதும். ஐந்து பேர், சாமான், ஏ.சி., மலை ஏற்றம் என்று சேரும்போதுதான் எஞ்சினின் சுயரூபம் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கடையநல்லூர் நெருங்கினால் காற்று. மலைத்தொடர் ஆரியங்காவு கணவாயில் தாழ்ந்து வழிவிடுகிறது. அந்த வாசல் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்து ஈரத்தோடு இந்தப் பக்கம் நுழைகிறது. தென்காசியின் சாரலும் அதுதான், வயல்களுக்கு நடுவே சுற்றுகிற காற்றாலைகளும் அதனால்தான். சின்னக் கார் எடை குறைவானது. பெரிய லாரியைத் தாண்டி வெளியே வரும்போது காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். சுண்டுவிரலால் திருப்பலாம் என்று பெருமை பேசுகிற மெதுவான ஸ்டியரிங் இந்த இடத்தில் பெருமையில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தூக்கு பறந்தது

தென்காசிக்கு இன்னும் கொஞ்ச தூரம். வேகம் அறுபதுக்குக் கொஞ்சம் கீழே. சாலை நனைந்திருந்தது. இடப்பக்கம் கருவேலம் புதருக்குள்ளிருந்து ஒரு வெள்ளாடு குதித்தது. அதன் பின்னாலேயே அதை விரட்டிக்கொண்டு எட்டு வயதுப் பையன் ஒருவன் ரோட்டுக்கு வந்துவிட்டான்.

நான் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். காலுக்கு அடியில் மிதி 'தடதட'வென்று துள்ளியது. அதுதான் ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமலிருக்க, பிரேக்கை அதுவே விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. டிரைவிங் ஸ்கூலில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வண்டிப் புத்தகத்தில் படித்திருந்ததால் காலை எடுக்கவில்லை. வண்டி நேராகவே போய், பையனுக்கு நாலைந்து அடி முன்னால் நின்றது. அவன் என்னைப் பார்த்தான். ஆட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டான்.

காருக்குள் 'டணார்' என்று ஒரு சத்தம். மாமியார் மடியிலிருந்த தூக்கு பறந்துபோய், முன்னால் ஏர்பேக் என்று எழுதியிருக்கிற இடத்தில் மோதி, மூடி திறந்து, வெந்நீர் முழுக்கக் கீழே கொட்டிவிட்டது. நல்லவேளை, காலில் படவில்லை. மாமியாரைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. பின்னால் என் கணவர் "அம்மா!" என்றார். பின்சீட்டில் எதற்குப் பெல்ட் என்று போடாமல் வந்த மகானுபாவர், நெற்றியை என் சீட்டில் மோதிக்கொண்டார். எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்து, சுற்றிப் பார்த்து, இரண்டு தடவை சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனான். அவன் இருந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினேன். என் கை நடுங்கியது. மாமியார் குனிந்து தூக்கை எடுத்தார். அதன் வயிற்றில் ஒரு நசுக்கல். அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தன் மடியைப் பார்த்தார். திரும்பிப் பின்சீட்டில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தூக்கைக் காலடியில் வைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று நாம் போடுகிற மூன்று முனை பெல்ட்டை 1959-இல் சுவீடன் நாட்டு வோல்வோ கம்பெனிப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். உயிர் காக்கிற விஷயம் என்று அதை எல்லாக் கம்பெனிகளும் உபயோகிக்க வோல்வோ விட்டுக்கொடுத்துவிட்டது. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்தான். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது, விலை உயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸார் சொன்னதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

தென்காசி கோபுரத்தடியில்

தென்காசி இப்போது தனி மாவட்டத்தின் தலைநகர். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்தார்கள். ஊருக்குள் நுழையும் முன்பே காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் ஆளைக் கூப்பிடும். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். நெடுங்காலம் சிதைந்து கிடந்த ராஜகோபுரத்தைப் புதிதாக ஒன்பது நிலையோடு எழுப்பி 1990-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாக மன்னன் கல்லில் எழுதிவைத்திருக்கிறான். இல்லாத ஒரு காலத்துப் பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு கவலை பாருங்கள்!

கோபுர வாசலில் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. உலகம்மன் சந்நிதியில் மாமியார் வழக்கத்தைவிட அதிக நேரம் கண்மூடி நின்றார். நெற்றி வீக்கத்தின்மேல் விபூதியைப் பூசிக்கொண்டு என் கணவரும் நின்றார்.

சாரலும் கண்ணாடியும்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். சீசன் என்பதால் பேரருவியில் திருவிழாக் கூட்டம். பெண்களுக்குத் தனி இடம் விட்டிருக்கிறார்கள். முதுகில் 'தொம் தொம்' என்று தண்ணீர் விழும்போது வீட்டுக் கவலை, முழங்கால் வலி எல்லாம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. மாமியாரை ஓரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தோம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றுக்கும் அருவியில் தடை உண்டு. சின்னக் குழந்தையை அருவியடியில் காட்டவே கூடாது. ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து, ஓரத்தில் வைத்துக் குளிப்பாட்டித் தலையைத் துவட்டிவிட்டோம்.

மறுநாள் ஐந்தருவி, பழைய குற்றாலம். இங்கே ஒரு எச்சரிக்கை. கீழே வெயில் அடிக்கும், மலைமேல் மழை கொட்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். தண்ணீரின் நிறம் மாறினாலோ, போலீஸார் போகச் சொன்னாலோ, இன்னும் ஒரு நிமிஷம் என்று நிற்காதீர்கள்.

காரின் சாதன வசதிகள் எவ்வளவு பிரயோஜனம் என்பது குற்றாலத்தில்தான் தெரிந்தது. குளித்துவிட்டு ஐந்து பேரும் ஈரத்தோடு ஏறிக் கதவைச் சாத்தியதும் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றுமே தெரியவில்லை. நான் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் ஒரு நிமிஷத்தில் பளிச். குளிருகிறதென்று ஏ.சி.யை நிறுத்தினால் ஆவி திரும்ப வந்துவிடும். பின்கண்ணாடியில் கோடு கோடாக ஓடும் கம்பிகள் அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு பொத்தானை அமுக்கினால் அவை சூடாகி ஆவியைப் போக்கும். அதோடு பின்கண்ணாடிக்கும் ஒரு வைப்பர் இருக்க வேண்டும். ஹேட்ச்பேக்கின் பின்புறம் செங்குத்தாக இருப்பதால் சக்கரம் வாரியடிக்கிற சேறெல்லாம் அதில்தான் படியும். பின்னால் பார்க்கும் கேமராவும் சேற்றில் குருடாகிவிடும். ஒரு பழைய பனியன் துணியைக் கதவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டி.வி. மாதிரி திரை இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

சீட்டின்மேல் பழைய போர்வை, ஈரத்துணிக்கு வாளி, காலடிக்குப் பழைய செய்தித்தாள். இவை மூன்றும் எந்தக் கம்பெனியும் தராத சாதனங்கள். சாப்பாட்டுப் பையைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். குரங்கு வந்து வைப்பர் ரப்பரை உரிக்கும். எங்கள் வண்டியில் ஒன்றை உரித்தே விட்டது. சீசன் பழங்களில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கினோம். துரியன் மட்டும் கார் ஏற வேண்டாம். வாசனை ஒரு வாரம் போகாது!

ஆரியங்காவு ஏற்றம்

மூன்றாம் நாள் காலை, ஆரியங்காவு ஐயனைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றார் மாமியார். செங்கோட்டை தாண்டி, புளியரையில் மலை ஏறத் தொடங்குகிறது. 'எஸ்' வளைவு என்று ஓட்டுநர்கள் சொல்லும் இடத்தில் எதிரே ஆடி அசைந்து வரும் சரக்கு லாரிகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

இதே ஏற்றத்தில் கல்யாணமான புதிதில் ஒரு உறவினரின் பழைய காரில் வந்தோம். பாதி மலையில் எஞ்சின் கொதித்து ஆவி பறந்தது. அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போன என் கணவரை, ஒரு லாரி டிரைவர் ஓடிவந்து தடுத்தார். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சியடிக்கும். அரைமணி ஆறவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

இந்தத் தடவை கொதிக்கவில்லை. ஆனால் ஐந்து பேரோடு மூன்றாவது கியரில் ஏறப் பார்த்தபோது வண்டி முனகியது. சின்னப் பெட்ரோல் எஞ்சினுக்கு நன்றாகச் சுற்றினால்தான் பலம் வரும். அது திணறும் வரை காத்திராமல், வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டேன். சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் ஏ.சி.யோடு சொகுசாக ஏறியது. மேட்டில் நின்று எடுக்கும்போது வண்டி பின்னால் உருளாமல் சில விநாடி பிடித்துக்கொள்ளும் 'ஹில் ஹோல்ட்' என்ற வசதி எங்கள் காரில் இருக்கிறது. புதிதாக ஓட்டுகிற பெண்களுக்கு அது பெரிய தைரியம். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இறங்கும்போது என் கணவர் ஓட்டினார். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது அவருடைய பழைய வழக்கம். விடவில்லை நான். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடாகிப் பிடி குறைந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகும்.

மொத்தம் 420 கிலோமீட்டர் ஓடியிருந்தோம். 24 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்குப் பதினேழரை. விளம்பரத்தில் இருபதுக்கு மேல் போட்டிருந்தது. மலை, ஏ.சி., சீசன் நெரிசல் எல்லாம் சேர்ந்ததற்கு இது மோசமில்லை என்றுதான் சொல்வேன்.

கார் வாங்கப்போகிற சகோதரிகளுக்கு

பாரத் என்கேப் என்ற சோதனை 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே நடக்கிறது. காரை மோதவைத்துப் பார்த்து நட்சத்திரம் தருகிறார்கள். பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று இரண்டு மார்க் உண்டு. கடைக்காரர் முதலாவதைத்தான் சொல்வார். இரண்டாவதையும் கேளுங்கள்.

குழந்தை சீட்டின் விலை அரைப்பவுன் விலைகூட ஆகாது. 15 மாதம் ஆகும்வரையாவது குழந்தையைப் பின்பக்கம் பார்த்தபடிதான் உட்காரவைக்க வேண்டும். பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் ஒருபோதும் மாட்டக் கூடாது. நெடும்பயணத்துக்கு முன் டயரைப் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். முழு ஆட்களோடு போக எவ்வளவு என்பது தனி வரியில் இருக்கும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே உபயோகிக்கக் கூடாது. சாரல் காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

ஆரியங்காவிலிருந்து இறங்கி, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, மதுரைக்குக் கிளம்பும் நேரம். நாத்தனார் மகள் பையனை நாற்காலியில் உட்காரவைத்தாள். மாமியார் முன்சீட்டில் இன்னும் ஏறாமல், கதவைப் பிடித்தபடி வெளியே நின்றார்.

"ஏம்மா, அந்தப் பட்டை 'டக்'குனு சத்தம் போட்டுச்சா? எனக்குக் கேக்கலையே" என்றார்.

"போட்டாச்சு அம்மாச்சி."

"எதுக்கும் இன்னொரு தடவை கழட்டி மாட்டு." அப்புறம் மகன் பக்கம் திரும்பினார். "நீயும் போடு. இன்னொரு பக்கமும் வீங்கணுமா?"

என் கணவர் பேசாமல் பெல்ட்டை எடுத்து மாட்டினார். மூன்று 'டக்' சத்தமும் கேட்ட பிறகுதான் மாமியார் ஏறினார். நான் வண்டியை எடுத்தேன்.

அந்தத் தூக்கை நசுக்கலோடு இன்னும் உபயோகித்துக்கொண்டிருக்கிறோம். தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று பாத்திரக்காரர் கேட்டார். மாமியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.